காவலர் பதக்கம்: எப்படிக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது

எங்கள் சித்தப்பா 34 வருடம் காவல்துறையில் இருந்துவிட்டு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஆக ஓய்வு பெற்றவர். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலைதான், அதாவது ஸ்டேஷனின் எழுத்து வேலை. ஓய்வு பெற்ற மறுவாரம் பீரோவிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து என் முன்னால் கொட்டினார். மடித்த இடமெல்லாம் மஞ்சளாகிப்போன தாள்கள், அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ரிவார்டு ஆர்டர். சிலதில் ஐம்பது ரூபாய், சிலதில் நூறு, சிலதில் பணமே கிடையாது, வெறும் ஜி.எஸ்.இ., அதாவது பணிப்பதிவேட்டில் இவர் நல்ல வேலை செய்தார் என்று ஒரு வரி. சைக்கிள் திருடனைப் பிடித்ததற்கு, சாராய ஊறலை அழித்ததற்கு, தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்கு, பிடிவாரண்டு ஆளைத் தேடிக் கூட்டி வந்ததற்கு. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு, "நான் செஞ்சதுலயே உருப்படியான வேலை எதுவோ, அதுக்கு இதுல தாள் இல்லடா" என்றார்.

அது என்ன வேலை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பொங்கல், குடியரசு தினம், சுதந்திர தினம் என்று வந்தால் இத்தனை காவலர்களுக்குப் பதக்கம் என்று செய்தி வந்துவிடுகிறது. தெரிந்த ஏட்டையாவின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும், நாமும் ஒரு வாழ்த்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். மொத்தம் எத்தனை வகைப் பதக்கம், யார் கொடுப்பது, ஒருவருடைய பெயர் அந்தப் பட்டியலுக்குள் எப்படிப் போகிறது, எப்படிப்பட்ட வேலைக்கு அது போகவே போகாது என்பதெல்லாம் காவலர் குடும்பங்களிலேயே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. எங்கள் வீட்டிலும் தெரியாமல்தான் இருந்தது.

முதலில் டெல்லியிலிருந்து வருபவை. 2023 வரை காவல், தீயணைப்பு, ஊர்க்காவல் படை, சிறை என்று துறைக்குத் துறை தனியாக மொத்தம் 16 பதக்கங்கள் இருந்தன. 2024 குடியரசு தினத்திலிருந்து அவற்றை நான்காகச் சேர்த்துவிட்டார்கள். வீரதீரச் செயலுக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், வீரதீரப் பதக்கம் இரண்டும் உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஒரு செயலுக்கு. தகைசால் பணிக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், மெச்சத்தக்க பணிக்கான பதக்கம் இரண்டும் பல வருடங்கள் கறையில்லாமல் வேலை பார்த்ததற்கு. புது ஏற்பாட்டில் வந்த முதல் பட்டியலில் 1132 பேர் இருந்தார்கள். அதில் 753 பேருக்கு மெச்சத்தக்க பணி, 102 பேருக்குத் தகைசால் பணி, மீதி 277 பேருக்கு வீரதீரம். எல்லாவற்றிலும் உயர்ந்த பதக்கம் அந்த முறை இரண்டே பேருக்கு, இரண்டுமே இறந்தபின் தரப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர்களான அந்த இருவரும் ஐ.நா. அமைதிப் படைப் பணிக்காகக் காங்கோ போய், 2022 ஜூலையில் அங்கேயே உயிரை விட்டவர்கள்.

வீரதீரப் பட்டியலைத் திறந்து பார்த்தால் நக்சல் பாதித்த பகுதிகளிலும் ஜம்மு காஷ்மீரிலும் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். சண்டை நடக்கிற இடத்தில்தானே அந்தப் பதக்கம் விழும். தமிழ்நாட்டுக் காவலர்கள் அதிகமாக வருவது பணிக்கான பட்டியல்களில். அப்புறம் 2024-ல் மத்திய உள்துறை அமைச்சர் பெயரில் தக்ஷதா பதக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிறப்பு நடவடிக்கை, புலனாய்வு, உளவு, தடய அறிவியல் ஆகிய நான்கு வேலைகளுக்கு, அக்டோபர் 31 சர்தார் படேல் பிறந்தநாளில் அறிவிப்பது. முதல் வருடம் 463 பேர்.

சாதாரணக் காவலருக்கு மனசுக்கு நெருக்கமானவை இவை எதுவும் இல்லை, மாநில அரசு கொடுப்பவைதான். பொங்கலுக்கு வருவது முதலமைச்சரின் காவல் பதக்கம், வீட்டில் எல்லோர் வாயிலும் அது பொங்கல் பதக்கம். இரண்டாம் நிலைக் காவலரில் தொடங்கி ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. வரைக்கும் காவல்துறையில் வருடத்துக்கு 3000 பேர், அதோடு தீயணைப்பு, சிறைத்துறைப் பணியாளர்களும் உண்டு. பதக்கம் வாங்கியவருக்கு மாதாமாதம் பதக்கப்படி வரும், 2024 பிப்ரவரியிலிருந்து அது எந்த நிலை என்று பார்க்காமல் எல்லோருக்கும் 400 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அந்த வரியைப் பார்க்கிற சந்தோஷம் வேறு.

குடியரசு தின விழா மேடையில் கள்ளச்சாராயத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கம், கூடவே 40 ஆயிரம் ரூபாய். அதே மேடையில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கமும் உண்டு, அது பொதுமக்களுக்கும் கிடைக்கும். சுதந்திர தினத்தையொட்டிப் பொதுச் சேவைக்கும் புலன் விசாரணைக்கும் தனித்தனியாக முதலமைச்சர் பதக்கங்கள், எட்டு கிராம் தங்கமும் 25 ஆயிரம் ரூபாயும். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளுக்கு வருகிற அண்ணா பதக்கங்களில் காவலர்களோடு தீயணைப்பு, சிறை, ஊர்க்காவல் படை, விரல்ரேகைப் பிரிவு, தடய அறிவியல் துறைக்காரர்களும் இருப்பார்கள்.

இந்தக் கடைசி இரண்டு பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வரும். உலகத்திலேயே முதல் விரல்ரேகை அலுவலகங்களில் ஒன்று 1897-ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. விரல்ரேகைகளை வகை பிரித்து, ஆயிரக்கணக்கான தாள்களிலிருந்து ஒன்றை நிமிடத்தில் தேடி எடுக்கிற முறையை உலகம் எட்வர்ட் ஹென்றி முறை என்றுதான் சொல்கிறது. ஹென்றி அப்போது வங்காளத்தில் போலீஸ் தலைவர், பிறகு லண்டன் போலீசுக்கே தலைவரானவர். அந்த முறைக்கான கணக்கைப் போட்டது அவருக்குக் கீழே இருந்த அஜீஸுல் ஹக் என்ற சப்-இன்ஸ்பெக்டர். பத்து விரல்களின் ரேகைகளை 1024 அறைகளில் பிரித்துப் போடலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். ரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்புவதற்கான குறியீட்டை உருவாக்கியவர் ஹேம் சந்திர போஸ், அவரும் சப்-இன்ஸ்பெக்டர்தான். ஒருவருக்கு கான் பகதூர், இன்னொருவருக்கு ராய் பகதூர் என்று பட்டங்கள் வந்தன, பல வருடம் கழித்துக் கொஞ்சம் பணமும் வந்தது. முறையின் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் எந்தக் காவல் நிலையத்தில் யார் கைரேகை எடுத்தாலும் இந்த இருவரின் உழைப்பு அதில் இருக்கிறது, ஆனால் பாடப் புத்தகத்தில் அவர்கள் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வேலை செய்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர் என்கிற மனக்குறையை இன்றைக்கும் எந்த ஸ்டேஷன் டீக்கடையில் நின்றாலும் கேட்கலாம்.

பதக்கம் என்கிற ஏற்பாடே வெள்ளைக்காரர் காலத்தது. 1909-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் மன்னரின் போலீஸ் பதக்கம் வந்தது, 1932-ல் இந்தியன் போலீஸ் மெடல், குடியரசான பிறகு 1951 மார்ச் 1-ல் குடியரசுத் தலைவர் பதக்கமும் காவல் பதக்கமும். முத்திரையும் பெயரும் மாறின. மேலதிகாரி பார்த்து, மேலதிகாரி எழுதி, மேலே அனுப்பி, மேலே இருப்பவர் கொடுப்பது என்கிற பாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பாதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சிக்கலெல்லாம் அங்கேதான். பதக்கத்துக்கு இன்னாரைப் பரிந்துரைக்கலாம் என்று பெயர் கேட்டு எஸ்.பி. அலுவலகத்திலிருந்து தகவல் வரும். ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் பெயர் சொல்ல வேண்டும், டி.எஸ்.பி. பார்க்க வேண்டும், எஸ்.பி. கையெழுத்துப் போட வேண்டும், பிறகு டி.ஜி.பி. அலுவலகம், உள்துறை, மத்திய அரசுப் பதக்கம் என்றால் அங்கிருந்து டெல்லி. கூடவே பணிப்பதிவேடு போகும். ரிவார்டு எத்தனை, ஜி.எஸ்.இ. எத்தனை, தண்டனை உண்டா, விசாரணை ஏதாவது நிலுவையில் உண்டா என்று பார்ப்பார்கள். சிறு தண்டனைக்கான மெமோவை 3(ஏ) என்பார்கள், பெரிய தண்டனைக்கானது 3(பி). இதில் ஒன்று பதிவேட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் பெயர் ஓரமாகிவிட வாய்ப்பு அதிகம். சரி, கறையில்லாதவருக்குத்தான் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காலை ரோல் கால், அதாவது ஆஜர் எடுக்கிற நேரத்துக்கு வரவில்லை என்று வாங்கிய மெமோவும் காசு வாங்கியதாக வந்த மெமோவும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, வேகமாகப் புரட்டுகிற கைக்கு இரண்டும் ஒன்றுதான். அதோடு, வெளியில் இறங்கி அதிகம் வேலை செய்பவர் மேல்தான் புகாரும் அதிகம் வரும். யாரோடும் மோதாமல், எந்த வழக்கிலும் முன்னால் நிற்காமல் இருபது வருடத்தை ஓட்டியவரின் பதிவேடு பளபளவென்று இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், யார் பெயரை எழுதுவது என்பது எழுதுகிற அதிகாரி யாரைத் தினமும் பார்க்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. அதிகாரியின் கண்ணில் படுகிற இடத்தில் வேலை பார்ப்பவருக்கும், மலையடிவார ஸ்டேஷனில் ராத்திரி பாரா நிற்பவருக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்க முடியாது. இது எந்த ஒரு அதிகாரியின் கெட்ட எண்ணமும் கிடையாது, ஏற்பாடு அப்படி. பத்ம விருதுக்கு இன்று யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்க முடிகிறது. நம் தெருவில் காணாமல் போன பிள்ளையைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்த காவலருக்கு ஒரு பதக்கம் கொடுங்கள் என்று ஊரார் எழுதிப் போட்டால் அதையும் எடுத்துப் பார்க்கிற ஏற்பாடு ஏன் வரக்கூடாது? தமிழ்நாட்டில் காவல்துறை ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பொங்கல் பதக்கம் மூவாயிரம், அதாவது நூறு பேரில் மூன்று பேருக்குக்கூட ஒரு வருடத்தில் வராது. அவ்வளவு அருமையான ஒன்றைக் கொடுக்கும்போது, வேலையால் பயன்பட்டவர்களையும் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை.

அடுத்தது எதற்குப் பதக்கம் என்கிற கேள்வி. எண்ணிக்கையில் காட்ட முடிகிற வேலைக்கு ரிவார்டு சுலபமாக வருகிறது. இத்தனை லிட்டர் சாராயம், இத்தனை கிலோ கஞ்சா, இத்தனை பவுன் நகை மீட்பு என்றால் தாளில் எழுதலாம். அடித்துக்கொள்ள இருந்த இரண்டு தெருக்காரர்களை உட்கார வைத்துப் பேசி, ஒரு எஃப்.ஐ.ஆர். கூட இல்லாமல் திருவிழாவை நடத்திக் கொடுத்தவரின் வேலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நடக்காமல் போன கலவரத்துக்கு எண் கிடையாது. மகளிர் ஸ்டேஷனில் ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டு வந்த பெண்ணுக்கு முதலில் தண்ணீர் கொடுத்து, அவள் பேசும்வரை பொறுத்திருந்து, பிறகு பேனாவை எடுக்கிற காவலருக்கும் இதே நிலைதான்.

எண்ணிக்கையைவிடவும் ஆபத்தானது என்கவுன்டருக்குக் கொடுக்கிற பரிசு. துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்த மறுநாளே பதக்கமும் பதவி உயர்வும் என்ற பழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில், மகாராஷ்டிர என்கவுன்டர்கள் தொடர்பாகப் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 16 விதிகளைச் சொன்னது. அதில் ஒன்று நேரடியாக இதைப் பற்றியது: சம்பவம் நடந்த உடனே வரிசை தாண்டிய பதவி உயர்வோ வீரதீரப் பரிசோ கொடுக்கக் கூடாது, வீரம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டப்பட்ட பிறகுதான் பரிந்துரையே. இதைப் பலர் போலீஸ் கையைக் கட்டுகிற விதி என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உண்மையாகவே குண்டுக்கு முன்னால் நின்றவரின் பதக்கத்துக்கு மதிப்பு நிலைக்க வேண்டுமானால், சந்தேகமான பதக்கம் ஒன்றுகூட அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வீரதீரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இரண்டு பேரைச் சொல்வேன். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வாசலில் காவலுக்கு நின்ற சி.ஆர்.பி.எஃப். காவலர் கமலேஷ் குமாரி, கையில் துப்பாக்கிகூட இல்லாமல், வந்த காரில் இருப்பவர்கள் சரியில்லை என்று கண்டுபிடித்துக் குரல் கொடுத்து எச்சரித்தார், குண்டுகள் வாங்கி இறந்தார். 2008 நவம்பரில் மும்பை கிர்காம் சௌபாட்டியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் லத்தியோடு போய்த் தீவிரவாதி கசாப்பின் ஏ.கே.47 துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும்போதும் விடவில்லை. மற்றவர்கள் பாய்ந்து கசாப்பை உயிரோடு பிடித்தார்கள். உயிரோடு பிடித்ததால்தான் வழக்கு நடந்தது, சதி எங்கே தொடங்கியது என்பது நீதிமன்றத்தில் வெளியே வந்தது. இருவருக்கும் அசோக சக்ரா, அமைதிக் காலத்தில் இந்த நாடு கொடுக்கிற உச்ச விருது. இருவரும் ஒருவரையும் சுடவில்லை.

நம் பக்கத்தில் இதைவிடச் சிக்கலான ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவரைத் தேடிய அதிரடிப்படையில் இருந்த 752 பேருக்கும் ஒரு படி பதவி உயர்வு, மூன்று லட்சம் ரூபாய், வீட்டுமனை என்று அப்போதைய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஒரே நாளில் இத்தனை பேருக்கு இத்தனை பெரிய அங்கீகாரம் கொடுத்த சம்பவம் வேறு நினைவில்லை. காட்டில் வருடக்கணக்காக மலேரியாவோடும் கண்ணிவெடி பயத்தோடும் கிடந்தவர்களுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆனால் அதே தேடுதல் வேட்டையில் மலைக் கிராம மக்கள் பட்ட சித்திரவதைக்காக, 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதும் பதிவில் இருக்கிறது. மொத்தமாகக் கொடுக்கும்போது, கொளுத்தும் வெயிலில் நேர்மையாகத் தேடியவரும் அப்பாவியைக் கட்டிவைத்து அடித்தவரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிவிட இடமிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்துக் கொடுத்திருந்தால் நல்லவரின் பெயருக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

கொடுத்த பதக்கத்தைத் திரும்பப் பறிக்கவும் விதி உண்டு, அதைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஹரியானா டி.ஜி.பி. ஆக இருந்த ராத்தோர், 14 வயதுச் சிறுமி ருச்சிகாவிடம் தவறாக நடந்த வழக்கில் 2009 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார், அடுத்த வருடம் அவருடைய காவல் பதக்கத்தை மத்திய அரசு ரத்து செய்தது. குற்றம் நடந்தது 1990-ல். அதற்குப் பிறகும் இருபது வருடம் அந்தப் பதக்கம் அவரிடமே இருந்தது என்பதை அந்தக் குடும்பத்தின் இடத்திலிருந்து யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தப் பட்டியல்களில் இடமே இல்லாத ஒரு வகைப் பணி இருக்கிறது, எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டு இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பிய நீதித்துறை நடுவர் விசாரிக்கப் போனபோது, அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் அவரோடு தினமும் வேலை பார்த்தவர்கள், சிலர் அவருக்கு மேலதிகாரிகள். பயத்தோடுதான் சொன்னார், அது நடுவரின் அறிக்கையிலேயே இருக்கிறது. அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற தைரியத்துக்குப் பதக்கம் இருக்கிறது, சொந்த ஸ்டேஷனுக்குள் உண்மை சொல்கிற தைரியத்துக்கு எந்தத் தேதியில் என்ன பதக்கம்? அப்படி ஒன்றை உருவாக்கி, அந்த வகைக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை நீதிபதிகளிடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. மேலதிகாரி எழுதித்தான் வர வேண்டும் என்றால் அது ஒருநாளும் வராது.

செத்தால்தான் மதிப்பு என்று காவலர் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சொல்கிறவர்கள் சும்மா சொல்வதில்லை. களியக்காவிளை சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 இரவு சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன் குடும்பத்துக்கும், 2021 நவம்பரில் ஆடு திருடர்களை நள்ளிரவில் பைக்கில் தனியாகத் துரத்திப் போய்க் கீரனூர்ப் பக்கத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட நாவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் குடும்பத்துக்கும் அரசு ஒரு கோடி ரூபாயும் வேலையும் அறிவித்தது. பூமிநாதன் துரத்தியது ஆடு திருடர்களை என்பதை யோசித்துப் பாருங்கள். விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆட்டை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அந்த ஆடு என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 21-ம் தேதியும் நாடு முழுக்கக் காவலர் வீரவணக்க நாள், 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்கள் நினைவாக. 2018-ல் டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் திறந்தபோது, சுதந்திரத்துக்குப் பின் பணியில் உயிர்விட்ட 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருந்தார்கள்.

உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. லீவு. அவ்வளவுதான். 2021 ஜூலையில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வார விடுமுறையோடு பிறந்தநாள், கல்யாண நாள் விடுப்பும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டபோது எங்கள் சொந்தத்தில் வேலையில் இருக்கிற ஒரு தம்பி அந்த உத்தரவைப் போனில் வால்பேப்பராக வைத்திருந்தான். பந்தோபஸ்து வந்தால் அந்த விடுமுறை போய்விடும் என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1973-ல் பெண்கள் சேர்ந்ததன் பொன்விழா 2023 மார்ச்சில் நடந்தது. அப்போது முதலமைச்சர் அறிவித்தவற்றில் பெண் காவலர்கள் இன்னமும் பேசுவது ரோல் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றியதைத்தான். பிள்ளைக்குத் தலை பின்னி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கூட வேன் ஏற்றிவிட்டு வர ஒரு மணி நேரம். என்னைக் கேட்டால் அதுவும் ஒரு அங்கீகாரம்தான், மொத்தப் பெண் காவலர்களுக்கும் ஒரே நாளில் கொடுத்தது.

ஆளுக்குக் கொடுப்பதைப் போல ஸ்டேஷனுக்கே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதும் நடக்கிறது. 2020-ல் மத்திய உள்துறை நாட்டிலுள்ள 16,671 காவல் நிலையங்களை அலசிப் பட்டியல் போட்டதில் மணிப்பூரின் நோங்போக் செக்மாய் முதலிடம், நம் சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இரண்டாமிடம். திருட்டு வழக்கு, பெண்களுக்கு எதிரான குற்றம், நலிந்த பிரிவினருக்கு எதிரான குற்றம் ஆகியவற்றை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த வருடம் புதிதாக இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, காணாமல் போனவர்கள். இன்னொன்று, அடையாளம் தெரியாத ஆட்களும் சடலங்களும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு பொதுமக்கள் சொல்வதற்கும் இருந்தது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "சடலத்துக்கு மார்க்கா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் அந்தத் தாளில்லாத வேலையைப் பற்றிச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறந்து கிடந்தார். பையில் ஒன்றும் இல்லை. சந்தேக மரணத்துக்குப் போடுகிற 174 வழக்கு போட்டு, போஸ்ட்மார்ட்டம் முடித்து, நகராட்சி மயானத்தில் புதைத்தாயிற்று. இந்த மாதிரி வழக்குகள் அதோடு முடிந்துவிடும். சித்தப்பா அவருடைய சட்டையை மட்டும் ஒரு பையில் போட்டு ரைட்டர் அறையில் வைத்திருந்தார். காலருக்கு உள்ளே டெய்லர் கடை லேபிள். கடைப் பெயர் துவைத்துத் துவைத்துப் போய்விட்டது, ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது: குடி. காரைக்குடியா, பரமக்குடியா, மன்னார்குடியா, லால்குடியா, தூத்துக்குடியா? ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனுக்கும் சொந்தக் காசில் தபால் போட்டார், பதில் வராத ஊருக்கு மறுபடி போட்டார், தெரிந்த ஏட்டுகளுக்கு லேபிளை வரைந்து அனுப்பினார். நாலாவது மாதத்தில் ஒரு டெய்லர் இது என் கடை லேபிள்தான் என்று சொன்னார். ஆள் அடையாளத்தைக் கேட்டதும் அவருக்கு ஆளும் தெரிந்தது. மகனும் அந்த அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா நாலு மாதமாக ராத்திரி வாசல் கதவைத் தாழ் போடாமலே படுத்திருக்கிறார், வந்தால் தட்ட வேண்டாமே என்று. மயானத்தில் இடம் தெரியாமல் போய்விடக் கூடாது என்று சித்தப்பா அன்றைக்கே தலைமாட்டில் ஒரு செங்கல்லை நட்டு வைத்திருந்தார். நேராகக் கூட்டிப் போய்க் காட்டினார். ஃபைலில் இருப்பது ஒரே வரி: அடையாளம் தெரிந்தது, உறவினருக்குத் தகவல் தரப்பட்டது.

ஊருக்குப் போய் அந்த மகன் எழுதிய இன்லேண்ட் லெட்டர் ஒன்று இருக்கிறது. அதைச் சித்தப்பா ஜவுளிக்கடைப் பையில் வைக்கவில்லை. எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொண்டுவந்து காட்டிவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தார்.